ஊருக்குச் சொல்ல வேண்டியது எது, உங்களிடமே இருக்க வேண்டியது எது? கல்வெட்டு முதல் கைரேகை வரை!

திருக்கோவிலூர், கீழையூர் வீரட்டானேஸ்வரர் கோயிலுக்குப் போனவர்கள் கவனித்திருப்பார்கள். கோயில் சுவர்களில் வரி வரியாக எழுத்துகள். 'ஏதோ பழைய எழுத்து' என்று பெரும்பாலானோர் கடந்துவிடுவார்கள். ஆனால், அந்தக் காலத்து மக்களுக்கு அதுதான் பத்திரப் பதிவு அலுவலகம். கோயிலுக்கு யார் நிலம் கொடுத்தார், அதன் நான்கு எல்லைகள் எவை, விளக்கெரிக்க யார் என்ன கொடுத்தார், எந்த வரி தள்ளுபடி... இப்படி ஊர் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கையெல்லாம் கல்லில் வெட்டிவைத்தார்கள். பாரியின் மகளை மலையனுக்குக் கொடுத்துவிட்டு கபிலர் தீயில் இறங்கிய செய்திகூட, ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்றில் இங்கேதான் இருக்கிறது.

திருக்கோவிலூரை அடுத்த ஜம்பையில், 1981-ல் ஒரு தமிழி கல்வெட்டு வெளிச்சத்துக்கு வந்தது. அதியமான் நெடுமான் அஞ்சி அமைத்துக் கொடுத்த குகைத் தங்குமிடம் பற்றிய ஒற்றை வரி அது. அசோகர் கல்வெட்டுகளில் வரும் 'சத்தியபுத்திரர்' யார் என்ற நெடுநாள் கேள்விக்கு, 'அதியமான் மரபினர்தான்' என்று ஆய்வாளர்கள் பதில் சொல்ல அந்த ஒரு வரி உதவியது. ஊரறிய எழுதி வைத்த தகவலுக்கு இருக்கும் ஆயுள் அது.

அப்படியே இன்றைய கடைத்தெருவுக்கு வருவோம். ஜவுளிக் கடையில் பில் போட போன் நம்பர். லாட்ஜில் ஆதார் ஜெராக்ஸ். ரேஷன் கடையில் கைரேகை. டார்ச் லைட் ஆப் போட்டால், 'உங்கள் கான்டாக்ட்ஸைப் பார்க்கலாமா?' என்று அது அனுமதி கேட்கிறது. உங்கள் ஊரில் போட்ட சாலைக்கு எவ்வளவு செலவானது என்று உங்களுக்குத் தெரியாது. ஆனால், உங்கள் பிறந்த தேதி முன்பின் தெரியாத எத்தனையோ பேருக்குத் தெரியும்.

ஊருக்குச் சொந்தமான தகவல் எது, உங்களுக்கு மட்டுமே சொந்தமான தகவல் எது? இந்தக் கோடு எங்கே அழிந்தாலும் நஷ்டம் சாதாரண மக்களுக்குத்தான்.

மைசூருக்குப் போன எழுத்துகள்

முதலில் ஊர்த் தகவல். கல்வெட்டைப் படிக்க எல்லோரும் கோயில் கோயிலாக அலைய முடியாது. அதனால் அதைப் படியெடுப்பார்கள். கல்லைச் சுத்தம் செய்து, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டுவார்கள். வெட்டுப்பட்ட எழுத்துப் பள்ளத்துக்குள் தாள் இறங்கிவிடும். மேலே மை ஒற்றினால், மேடான இடமெல்லாம் கறுப்பாகும். எழுத்து மட்டும் வெள்ளையாக நிற்கும். இதற்கு மைப்படி என்று பெயர். கல் சிதைந்து போனாலும் இந்தத் தாள் சாட்சி சொல்லும்.

இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டியல் பிரிவின் தலைமையகம் இருப்பது மைசூரில். அதனால், தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகளும் பல ஆண்டுகளாக அங்கேயே இருந்தன. தமிழ்நாட்டு ஆய்வு மாணவர் ஒருவர் தமிழ்நாட்டுக் கல்வெட்டின் மைப்படியைப் பார்க்க, கர்நாடகத்துக்கு ரயில் ஏற வேண்டும். 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அவற்றைச் சென்னைக்குக் கொண்டுவரும்படி உத்தரவிட்டது. 'எங்கள் ஊர்த் தகவல் எங்கள் கைக்கு எட்ட வேண்டும்' என்ற கோரிக்கைக்குக் கிடைத்த பதில் அது. எல்லோரும் படிப்பதற்காக வெட்டிய எழுத்து, அலமாரியில் பூட்டியிருந்தால் வெட்டியவரின் நோக்கமே வீண்தானே?

பத்திரத்தில் இருக்கும் பெருவிரல்

கோயில் சுவர் செய்த வேலையை இன்று பத்திரப் பதிவுத்துறை செய்கிறது. 1908-ம் ஆண்டு பதிவுச் சட்டப்படி, அசையாச் சொத்துப் பதிவுகளை யார் வேண்டுமானாலும் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் வில்லங்க விவரத்தை வீட்டிலிருந்தே போனில் பார்த்துவிட முடிகிறது. இது நல்ல விஷயம். ஒரே மனையை இரண்டு பேருக்கு விற்கும் மோசடியிலிருந்து காப்பாற்றுவது இந்த வெளிப்படைத்தன்மைதான்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கல்வெட்டில் நிலத்தின் எல்லை இருந்தது, கொடுத்தவரின் பெயர் இருந்தது, கைரேகை இல்லை. இன்றைய பத்திரத்தில் இருக்கிறது. நிலம் யாருடையது என்பது ஊருக்கான தகவல். ரேகை அவருக்கு மட்டுமே உரிய தகவல். இரண்டும் ஒரே தாளில் இருப்பதால், ஒன்றைத் திறந்தால் இன்னொன்றும் சேர்ந்து வெளியே வந்துவிடுகிறது.

இது வெறும் கற்பனை பயம் இல்லை. 2018-ல் தெலங்கானாவில் சிம் கார்டு விற்பனையில் இருந்த ஒருவர் பிடிபட்டார். பதிவுத்துறை இணையதளத்தில் இருந்த பத்திரங்களிலிருந்து ரேகைகளை எடுத்து, ரப்பர் ஸ்டாம்ப் செய்வதுபோல போலி ரேகை தயாரித்து, அடுத்தவர் பெயரில் ஏராளமான சிம் கார்டுகளை அவர் ஆக்டிவேட் செய்தது விசாரணையில் தெரியவந்தது. அதன்பிறகு இதே உத்தி வங்கிக் கணக்குப் பக்கமும் திரும்பியது. ஆதார் எண், வங்கியின் பெயர், கைரேகை மூன்றும் இருந்தால் ஓ.டி.பி இல்லாமலே பணம் எடுக்கும் வசதி கிராமப்புற மக்களுக்காகக் கொண்டுவரப்பட்டது. போலி ரேகைக்காரர்கள் அதில்தான் கை வைத்தார்கள்.

விரல் நுனியில் ஒரு விஞ்ஞானம்

ரேகை எப்படி அடையாளமாகிறது? தாயின் வயிற்றில் மூன்றாவது மாத வாக்கில் விரல் நுனியில் மேடுபள்ளங்கள் உருவாகத் தொடங்கி, ஆறாவது மாதத்துக்குள் வடிவம் முடிந்துவிடுகிறது. மரபணு மட்டுமல்ல, கருவின் அசைவும் அழுத்தமும்கூட அந்த வடிவத்தைத் தீர்மானிக்கின்றன. அதனால்தான் ஒரே அச்சில் பிறந்த இரட்டையருக்கும் ரேகை வேறு வேறாக இருக்கிறது.

மெஷின் மொத்த ரேகையையும் ஒப்பிடுவதில்லை. ஒரு கோடு எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது என்ற புள்ளிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அந்தக் குறிப்பு, மற்றவர் படிக்க முடியாதபடி மாற்றப்பட்டு ஆதார் மையக் கணினிக்குப் போகிறது. அங்கிருந்து 'ஆம்' அல்லது 'இல்லை' என்று பதில் வருகிறது. சிக்னல் கிடைக்காத மலைக் கிராமங்களில் அந்த பதில் வரவே நேரமாகும்.

சில கைகளுக்கு 'இல்லை' என்று வருவதற்கும் காரணம் உண்டு. கரும்பு வெட்டும் கை, செங்கல் தூக்கும் கை, சிமென்ட்டும் சுண்ணாம்பும் குழைக்கும் கை... இவற்றில் மேல்தோல் தேய்ந்து மேடுபள்ளம் மங்கிவிடும். வயதானவர்களுக்குத் தோல் வறண்டு ரேகை தட்டையாகும். ரேகையின் அச்சு தோலின் அடியடுக்கில் இருப்பதால், சில வாரம் வேலைக்கு ஓய்வு கொடுத்தால் பழைய வடிவமே திரும்பி வரும். ஆனால், கூலிக்காரருக்கு அந்த ஓய்வை யார் கொடுப்பது? கண்ணின் கருவிழி மூலம் சரிபார்க்கும் கருவிகள் ரேஷன் கடைகளுக்கு வந்தது இதனால்தான்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பாஸ்வேர்டு திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம். ஏ.டி.எம் கார்டு தொலைந்தால் புதிது வாங்கலாம். பெருவிரலை மாற்ற முடியாது.

ஒரு தமிழ்ப் பத்திரிகை வழக்கு போட்ட கோடு

ஊர்த் தகவல், தனித் தகவல் என்ற இந்தக் கோட்டை இந்தியாவில் முதன்முதலில் தெளிவாக வரைந்த தீர்ப்புகளில் ஒன்று, தமிழ்நாட்டு வழக்கில்தான் வந்தது. ஆறு கொலைகளுக்காகத் தூக்குத் தண்டனை பெற்றிருந்த ஆட்டோ சங்கர், சிறையில் தன் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். அதில் அதிகாரிகள் சிலருடன் இருந்த தொடர்புகளும் இருந்தன. அதை வெளியிட 'நக்கீரன்' இதழ் முன்வந்தபோது, 'அதை அவர் எழுதவே இல்லை. வெளியிடக் கூடாது' என்று 1994 ஜூனில் சிறைத்துறைத் தலைவரிடமிருந்து கடிதம் வந்தது. இதழின் ஆசிரியர் ராஜகோபால் உச்ச நீதிமன்றம் போனார்.

1994 அக்டோபர் 7 அன்று தீர்ப்பு. சாரம் இதுதான்: ஒருவரின் குடும்பம், திருமணம், தாய்மை, கல்வி போன்ற சொந்த விஷயங்களை அவர் சம்மதமின்றி வெளியிட யாருக்கும் உரிமை இல்லை. ஆனால், நீதிமன்ற ஆவணம் போன்ற பொது ஆவணத்தில் ஏற்கெனவே இருப்பதை எழுதலாம். அதிலும் பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயருக்கு விலக்கு உண்டு. அரசு அதிகாரிகள் தங்கள் பணி தொடர்பான செயல்களுக்கு 'இது என் அந்தரங்கம்' என்று திரை போட முடியாது.

கவனித்துப் பாருங்கள். சாமானியருக்குத் திரை, அதிகாரத்துக்குத் திறந்த கதவு.

உரிமை வந்தது, சர்ச்சையும் வந்தது

ஆதார் திட்டத்தை எதிர்த்து 2012-ல் வழக்குப் போட்டவர், கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ்.புட்டசாமி. அப்போது அவருக்கு 86 வயது. அந்த வழக்கில் 2017 ஆகஸ்ட் 24 அன்று, உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமனதாக 'அந்தரங்கம் அடிப்படை உரிமை' என்றார்கள். அடுத்த ஆண்டு ஆதார் திட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தாலும், வங்கிக் கணக்குக்கும் சிம் கார்டுக்கும் அதைக் கட்டாயமாக்க முடியாது என்று நீதிமன்றம் சொன்னது.

பிறகு வந்தது, 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. உங்கள் தகவலை எதற்காகக் கேட்கிறோம் என்று நிறுவனங்கள் தெளிவாகச் சொல்லி, சம்மதம் வாங்க வேண்டும். அந்த அறிவிப்பைத் தமிழிலும் படிக்கும் வசதி தர வேண்டும். கொடுத்த சம்மதத்தை நீங்கள் திரும்பப் பெறலாம். திருத்தவும் அழிக்கவும் கேட்கலாம். 18 வயதுக்குக் கீழே உள்ளவர் என்றால் பெற்றோர் சம்மதம் தேவை. பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. நிறுவனங்களுக்கான இந்தக் கடமைகள் பெரும்பாலும், விதிகள் வெளியாகி 18 மாதங்கள் கழித்தே நடைமுறைக்கு வருகின்றன.

ஆனால், அதே சட்டத்தின் 44(3) பிரிவு உடனே அமலுக்கு வந்துவிட்டது. அது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைத் திருத்துகிறது. முன்பு, பொதுப்பணிக்குத் தொடர்பில்லாத தனிப்பட்ட தகவலை மட்டுமே மறுக்க முடியும். இப்போது 'தனிப்பட்ட தகவல்' என்றாலே மறுக்கலாம் என்ற அளவுக்கு அந்த வரி சுருங்கிவிட்டது.

'அந்தரங்கம் அடிப்படை உரிமை என்ற தீர்ப்புக்கு ஏற்பவே திருத்தினோம். பொதுநலன் பெரிது என்றால் தகவல் தரச் சொல்லும் 8(2) பிரிவு அப்படியேதான் இருக்கிறது' என்பது அரசின் வாதம். 'நூறு நாள் வேலையில் யார் பெயரில் கூலி எடுக்கப்பட்டது, யார் யாருக்கு வீடு ஒதுக்கினார்கள் என்று கேட்டால், அது தனிப்பட்ட தகவல் என்று சொல்லிவிடுவார்களே?' என்பது எதிர்ப்பவர்களின் கேள்வி. பட்டியலில் இருக்கும் பெயரைப் படித்துத்தானே, 'இவர் இறந்து இரண்டு வருஷமாச்சே' என்று கிராமசபையில் ஒருவர் எழுந்து சொல்ல முடியும்?

மத்திய அரசின் 2005 சட்டத்துக்கு முன்பே, 1997-ல் தகவல் உரிமைக்குச் சட்டம் போட்ட மாநிலம் தமிழ்நாடு. அந்த வகையில் இந்தக் கேள்வி இங்கே இன்னும் அழுத்தமாகவே ஒலிக்க வேண்டும்.

இரண்டு உரிமைகளும் மோதித்தான் ஆக வேண்டும் என்றில்லை. பயனாளியின் பெயரும் தொகையும் பட்டியலில் இருக்கட்டும். ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் மறைக்கப்படட்டும். பத்திரத்தில் சர்வே எண் தெரியட்டும். ரேகைமேல் கறுப்புப் பட்டை விழட்டும். இதற்குப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை.

உங்கள் பங்குக்கு என்ன செய்யலாம்?

* கைரேகையைப் பூட்டுங்கள். ஆதார் இணையதளத்தில் பயோமெட்ரிக் லாக் வசதி இருக்கிறது. ரேஷன் போன்ற தேவைக்குத் திறந்துவிட்டு, மறுபடி பூட்டிக்கொள்ளலாம். சந்தேகம் இருந்தால் 1947-க்கு அழைக்கலாம்.

* ஜெராக்ஸ் கொடுக்கும் முன் யோசியுங்கள். கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' டவுன்லோடு செய்து கொடுக்கலாம். ஜெராக்ஸின் மேலேயே எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்பதையும் தேதியையும் எழுதுங்கள். கணினியில் ஏறாத வெறும் தாளுக்குப் புதிய சட்டம் பொருந்தாது என்பதால் இது முக்கியம்.

* கடையில் போன் நம்பர் கேட்டால், 'எதுக்குங்க?' என்று கேளுங்கள். பில் வாங்க நம்பர் அவசியமில்லை.

* போனில் ஆப் அனுமதிகளை ஒருமுறை பாருங்கள். கால்குலேட்டருக்கு மைக் எதற்கு?

* பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930-ல் புகார் செய்யுங்கள்.

* ஊர்க் கணக்கையும் கேளுங்கள். கிராமசபையில் வரவு செலவைப் படிக்கச் சொல்வதும், 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் கேட்டு மனு போடுவதும் உங்கள் உரிமை.

கடைசியாகச் சொன்னதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். தன் நம்பரைக் கேட்டால் தயங்காமல் சொல்பவர்கள், ஊர்க் கணக்கைக் கேட்கத் தயங்குகிறார்கள். அடுத்த முறை யாராவது போன் நம்பர் கேட்கும்போது, 'எதுக்குங்க?' என்று கேட்டுப் பாருங்கள். அதே கேள்வியை ஊர்ச் சாலைக்கான செலவைப் பார்த்தும் கேளுங்கள். முதல் கேள்வி உங்கள் பணத்தைக் காக்கும். இரண்டாவது ஊர்ப் பணத்தைக் காக்கும்.