“இப்போ என்ன படிக்கிறீங்க?”

ஜனவரி மாதத்துச் சென்னைப் புத்தகக் காட்சியில் தெரிந்த முகம் எதிர்ப்பட்டால், நலம் விசாரிப்புக்கு அடுத்து பெரும்பாலும் இந்தக் கேள்விதான் வரும்: “இப்போ என்ன படிக்கிறீங்க?” பதில் வருவதற்கு இரண்டு விநாடி போதும். நூலின் பெயர், எழுதியவர் பெயர், “அதுல ஒரு பாட்டி வர்றாங்க பாருங்க…” என்று கதையில் ஒரு துண்டு, கடைசியாக அந்த நூலை ஏன் எடுத்தார் என்று ஒரு காரணம். இந்தச் சின்னப் பதிலுக்குள் இத்தனை வேலை ஒளிந்திருக்கிறதா என்று ஆய்வுகளைப் படிக்கும்தோறும் எனக்கு வியப்பாக இருக்கிறது. வாசித்ததை இன்னொருவரிடம் சொல்வது, வாசித்து முடித்தபின் செய்யும் உபரி வேலை என்று நினைக்கிறோம். மூளையைக் கேட்டால், வாசிப்பின் பாதி வேலை அங்கேதான் நடக்கிறது.

முதலில் கண்ணிலிருந்து தொடங்குவோம். வரியின்மேல் கண் வழுக்கிக்கொண்டு போவதாகத்தான் நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் அது தாவித் தாவிப் போகிறது. ஓரிடத்தில் கால் விநாடி நிற்கும், சட்டென்று சில எழுத்துகள் தள்ளிக் குதிக்கும், மறுபடி நிற்கும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸில் கண் மருத்துவர் எமில் ழாவாலின் ஆய்வுக்கூடத்தில்தான் இது தெரியவந்தது. கண்ணிமைமேல் மெல்லிய முனை ஒன்றைப் பொருத்தி, ரப்பர் குழாய்வழியாக ஒவ்வொரு தாவலின் ஒலியையும் காதால் கேட்டு எண்ணினார்கள். அமெரிக்க உளவியலாளர் எட்மண்ட் ஹ்யூயி இன்னும் ஒரு படி மேலே போனார். மரத்துப்போக மருந்திட்ட கண்ணின்மேல் பாரிஸ் சாந்தால் செய்த குட்டிக் கிண்ணத்தைக் கவிழ்த்து, அதில் அலுமினிய முள் ஒன்றை இணைத்து, கண் போன பாதையைப் புகை படிந்த உருளையில் கோடாகக் கீறவைத்தார். வாசிப்பின் உளவியலைப் பற்றி 1908இல் அவர் எழுதிய நூலை இன்றும் ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள்.

இந்தத் தாவலை ‘சக்காட்’ என்கிறார்கள். விநாடிக்கு ஏறத்தாழ நான்கு. அப்படியானால் ஒரு மணி நேரம் நாவல் வாசிப்பவரின் கண் சுமார் 14,000 முறை குதிக்கிறது. ஒவ்வொரு குதியும் விநாடியில் நூற்றில் மூன்று பங்கு நேரமே நீடிக்கும். அந்தக் கணத்தில் வரும் காட்சியை மூளை பெரும்பாலும் தணித்துவிடுகிறது. இல்லாவிட்டால் பக்கம் முழுக்கக் கலங்கலாக ஆடும். எல்லாத் தாவல்களையும் கூட்டிப் பாருங்கள்: ஒரு மணி நேர வாசிப்பில் ஏறத்தாழ ஏழு நிமிடம் நமக்குப் பக்கமே தெரிவதில்லை. அந்த இடைவெளிகளை ஒட்டித் தைத்து, தொடர்ச்சியான ஒரே பார்வையாக மூளை நம்மிடம் கொடுத்துவிடுகிறது.

நிற்கும் கணத்திலாவது பக்கம் முழுவதும் தெரிகிறதா? அதுவும் இல்லை. விழித்திரையின் நடுவிலுள்ள ‘ஃபோவியா’ என்ற சிறு குழிவில்தான் எழுத்தின் கோடுகளும் சுழிகளும் கூர்மையாக விழும். கையை நீட்டிப் பெருவிரல் நகத்தைப் பாருங்கள்; கூர்மையாகத் தெரியும் பரப்பு ஏறக்குறைய அவ்வளவுதான். 1975இல் ஜார்ஜ் மக்கான்கியும் கீத் ரேனரும் இதை அளக்க ஒரு சாமர்த்தியமான வழி கண்டார்கள். கணினித் திரையில் ஒருவர் வாசிக்கும்போது, அவர் கண் நிற்கும் இடத்தைச் சுற்றி மட்டும் சரியான எழுத்துகள். மற்ற இடமெல்லாம் அர்த்தமற்ற எழுத்துகள். கண் நகர நகர அந்தச் சாளரமும் கூடவே நகரும். சாளரம் போதிய அளவு அகலமாக இருந்தால் வாசிப்பவரின் வேகம் குறைவதே இல்லை. ஆங்கிலம் வாசிப்பவர்களுக்கு இடப்பக்கம் மூன்று நான்கு எழுத்து, வலப்பக்கம் 14, 15 எழுத்து போதுமானதாக இருந்தது. வலமிருந்து இடமாக ஓடும் ஹீப்ரு மொழியில் இதே சாளரம் இடப்பக்கம் நீண்டது. எந்தத் திசையில் அடுத்த சொல் காத்திருக்கிறதோ அந்தத் திசையில் கவனம் முன்கூட்டியே நீள்கிறது.

தமிழ் வாசகரின் கண்ணுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ‘கொ’ என்று எழுதும்போது உயிரின் குறி மெய்க்கு முன்னும் பின்னுமாகப் பிரிந்து நிற்கிறது. ஒலியில் ககரம் முதலில் வருகிறது. காகிதத்தில் கொம்பு முதலில் வருகிறது. வரிசை மாறிக் கிடக்கும் இந்தத் துண்டுகளைச் சேர்த்து ஒரே ஒலியாக்குவதை ஏழு வயதுக் குழந்தை சரளமாகச் செய்கிறது.

எழுத்தை எழுத்தாக அடையாளம் காண்பது மூளையின் எந்த இடம்? 1892இல் பிரெஞ்சு நரம்பியலாளர் ழூல் டெழெரின் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். அந்த மனிதருக்கு ஒருநாள் திடீரென்று வாசிக்க முடியாமல் போயிற்று. பேச்சு சரியாக இருந்தது. பார்வை இருந்தது. எழுதவும் முடிந்தது. ஆனால் தன் கையால் எழுதியதையே அவரால் வாசிக்க முடியவில்லை. மூளையின் இடப்புறப் பின்பகுதியில் ஏற்பட்ட சேதம் ‘வாசிப்பு’ என்ற ஒன்றை மட்டும் தனியாக அறுத்து எடுத்துவிட்டது. ஏறத்தாழ நூறாண்டு கழித்து, லோரான் கோஹனும் ஸ்டானிஸ்லாஸ் டெஹேனும் அதே வட்டாரத்தில், மூளையின் இடப்பக்க அடிப்புறத்தில், எழுத்துச் சரங்களுக்கு விழித்துக்கொள்ளும் சிறு பகுதியைக் குறித்துக் காட்டி, ‘காட்சிச் சொல்வடிவப் பகுதி’ என்று பெயரிட்டார்கள்.

இங்கேதான் புதிர். எழுத்து பிறந்து ஏறத்தாழ 5,400 ஆண்டுகளே ஆகின்றன. பரிணாமம் தனி உறுப்பு செய்துகொடுக்க அந்தக் காலம் போதாது. டெஹேன் சொல்லும் விளக்கம்: பொருள்களையும் முகங்களையும் அடையாளம் காண ஏற்கெனவே இருந்த பரப்பை மூளை எழுத்துக்கு வாடகைக்கு எடுத்துக்கொள்கிறது. இதற்கு நம் நாட்டிலிருந்தே ஒரு சான்று கிடைத்தது. லக்னோ அருகிலுள்ள கிராமங்களில், எழுத்தறியாத முப்பது வயதையொட்டியவர்களுக்கு ஆறு மாதம் தேவநாகரி கற்றுக்கொடுத்து, முன்னும் பின்னும் மூளையைப் படம் பிடித்தார்கள். 2017இல் வெளியான முடிவு ஆய்வாளர்களையே அசத்தியது. மூளையின் மேற்புறணி மட்டும் மாறவில்லை; தலாமஸ், மூளைத்தண்டு போன்ற மிகப் பழைய அடிக்கட்டுமானத்துக்கும் பார்வைப் புறணிக்கும் இடையிலான ஒத்திசைவும் கூடியிருந்தது. வளர்ந்த மூளை, ஆறே மாதம், அகரவரிசைப் பாடம். அவ்வளவுதான் தேவைப்பட்டது.

எழுத்து சொல்லாகிறது, சொல் காட்சியாகிறது. ‘பொன்னியின் செல்வன்’ முதல் அத்தியாயத்தில் வந்தியத்தேவன் ஏரிக்கரையில் குதிரைமேல் வருவதை வாசிக்கும்போது நாம் நாற்காலியில்தான் இருக்கிறோம். ஆனால் மூளை சும்மா இருப்பதில்லை. 2009இல் நிக்கோல் ஸ்பீரும் ஜெஃப்ரி சாக்ஸும் சகாக்களும் ஒரு சிறுவனின் அன்றாட நாளைப் பற்றிய எளிய கதைகளை எம்ஆர்ஐ கருவிக்குள் சிலரை வாசிக்கவைத்தார்கள். சிறுவன் ஒரு பொருளைக் கையில் எடுக்கும் இடத்தில், வாசகரின் மூளையில் கையசைவோடு தொடர்புடைய பகுதிகள் சுறுசுறுப்படைந்தன. அவன் வேறிடத்துக்குப் போனால், இடமாற்றத்தைக் கணக்கிடும் பகுதிகள்.

இப்படிக் கட்டிய காட்சி எத்தனை நாள் தாங்கும்? ஹெர்மன் எபிங்ஹவுஸ் அர்த்தமற்ற அசைகளை மனப்பாடம் செய்து தன்னையே சோதித்து, 1885இல் முடிவுகளை வெளியிட்டார். ஒரு மணி நேரத்திலேயே பாதிக்குமேல் கரைந்துபோனது. கதைகள் இத்தனை வேகமாகக் கரையாது. ஆனாலும் கரையும்.

அதைத் தடுக்க மறுபடி மறுபடி வாசிப்பதுதான் வழி என்று தோன்றும். 2006இல் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் கல்லூரி மாணவர்களிடம் சோதித்தார்கள். ஒரு குழு நான்கு சுற்றுகளிலும் ஒரு சிறு பகுதியை வாசித்துக்கொண்டே இருந்தது; சராசரியாக ஒருவர் 14 முறை. இன்னொரு குழு முதல் சுற்றில் மட்டும் வாசித்தது. மூன்றரை முறைகூட முழுதாக வரவில்லை. மீதி மூன்று சுற்றிலும் தாளை மூடிவிட்டு, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்துக்கொண்டே இருந்தவர்கள்தான் முன்னே: 83 சதவீதம், மற்றவர்கள் 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ். 14 முறை வாசித்தவர்களிடம் மிஞ்சியது 40 சதவீதம். நினைவிலிருந்து எடுத்துப் பார்த்தவர்களிடம் 61. உள்ளே போடுவதைவிட வெளியே எடுப்பதுதான் நினைவைக் கெட்டிப்படுத்துகிறது. “என்ன படிக்கிறீங்க?” என்று கேட்பவர் நம்மை அதைத்தான் செய்யவைக்கிறார்.

1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வன்’ கல்கி இதழில் வாரந்தோறும் வந்தது. இதழ் வருவதற்கு முன் ஏழு நாள் இடைவெளி. போன வாரம் கதை எங்கே நின்றது, நந்தினி மனத்தில் என்ன இருக்கிறது என்று வீட்டுக்குள்ளும் தெருவிலும் பேசிப் பேசியே அந்த இடைவெளியைக் கடந்தார்கள் வாசகர்கள். அவ்வளவு பெரிய கதையின் அத்தனை பாத்திரங்களும் ஒரு தலைமுறையின் நினைவில் கல்வெட்டாக நின்றதற்குக் கல்கியின் கைவண்ணத்தோடு இந்த வாராந்தரப் பேச்சுக்கும் பங்கு உண்டு என்றே நான் நம்புகிறேன்.

சொல்லும்போது கதை அப்படியே வருவதும் இல்லை. கேம்பிரிட்ஜில் ஃபிரெடெரிக் பார்ட்லெட், வட அமெரிக்கத் தொல்குடியினரின் கதை ஒன்றை ஆங்கிலேயர்களிடம் கொடுத்து நாள்கள் இடைவிட்டுத் திரும்பச் சொல்லவைத்தார். அவர்களுக்கு அந்நியமாக இருந்த பகுதிகள் உதிர்ந்தன. ‘கனோ’ என்ற தோணி சாதாரணப் படகாயிற்று. புரியாத இடங்களுக்குக் காரணங்கள் தாமாக முளைத்தன. 1932இல் அவர் எழுதிய நூல் காட்டியது: நினைவு என்பது ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டுவது. நண்பர் நமக்குச் சொல்லும் நாவலில் நாவலாசிரியர் பாதி, நண்பர் பாதி.

அப்படிச் சொல்வதில் ஓர் இன்பமும் இருக்கிறது. 2012இல் ஹார்வர்டைச் சேர்ந்த டயானா டமிரும் ஜேசன் மிட்செலும், தன் கருத்தைச் சொல்லலாம், அல்லது வேறு கேள்விக்குப் பதில் சொல்லி இன்னும் கொஞ்சம் பணம் பெறலாம் என்று தேர்வு கொடுத்தார்கள். 100 ரூபாய் கிடைக்கக்கூடிய இடத்தில் 17 முதல் 25 ரூபாய் வரை இழந்தாவது தன் கருத்தைச் சொல்லவே மக்கள் விரும்பினார்கள். பரிசு கிடைக்கும்போது விழிக்கும் மூளைப்பகுதிகளே அப்போதும் விழித்தன.

கேட்பவரின் தலைக்குள் என்ன நடக்கிறது? பிரின்ஸ்டனில் யூரி ஹாசனின் குழு 2010இல் இதைப் பார்த்தது. ஒரு பெண் தன் வாழ்க்கையில் நடந்த ஒரு கதையை எம்ஆர்ஐ கருவிக்குள் படுத்தபடி சொன்னார்; அதன் ஒலிப்பதிவைக் கேட்டவர்களையும் அதே கருவியில் படம் பிடித்தார்கள். சொன்னவரின் மூளையில் எழுந்த ஏற்ற இறக்கங்கள், சில விநாடி பிந்திக் கேட்டவரின் மூளையிலும் எழுந்தன. சில பகுதிகளில் கேட்பவர் முந்திக்கொண்டார்: அடுத்து வருவதை எதிர்பார்த்து. எவ்வளவு முந்தினாரோ அவ்வளவு நன்றாகக் கதை புரிந்திருந்தது. ரஷ்ய மொழி தெரியாதவர்களுக்கு ரஷ்ய மொழியில் கதை சொன்னபோது இந்த இணைவு மறைந்துவிட்டது.

2017இல் அதே கூடத்தில் இன்னொரு சோதனை. தொலைக்காட்சித் தொடர் ஒன்றைப் பார்த்த ஒருவர் அதை நினைவிலிருந்து சொல்ல, பார்க்காதவர்கள் கேட்டார்கள். கேட்டவர்களின் மூளையில் ஒவ்வொரு காட்சிக்கும் எழுந்த வடிவம், அதை நேரில் பார்த்தவர்களின் வடிவத்தை ஒத்திருந்தது. கேள்விப்பட்டது கண்டதன் சாயலில் பதிகிறது. வாசிக்காத நூலைப் பற்றி, வாசித்தவர்போல் நமக்கு ஒரு நினைவு இருப்பது வெறும் பிரமை இல்லை.

இனி அந்தப் பதிலின் கடைசித் துண்டு: ஏன் வாசிக்கிறீர்கள்? எனக்கு எல்லாவற்றிலும் பிடித்த ஆய்வு இதைத் தொடுகிறது. ஜே. டி. சாலிஞ்சரின் சிறுகதை ஒன்றில் ஒருவன் நள்ளிரவில் நண்பனைத் தொலைபேசியில் அழைத்து, மனைவி இன்னும் வீடு திரும்பவில்லை என்று புலம்புகிறான். நண்பனின் அருகில் ஒரு பெண் இருக்கிறாள். அவள் யார் என்று கதை தெளிவாகச் சொல்லாது. 2017இல் யாரா யெஷுருனும் ஹாசனும் சகாக்களும் இந்தக் கதையை இரு குழுக்களுக்கு ஒலிக்கவிட்டார்கள். ஒரு குழுவிடம் முன்னதாக, மனைவி துரோகம் செய்கிறாள், அருகில் இருப்பது அவள்தான் என்றார்கள். மற்றக் குழுவிடம், கணவன் வீண் சந்தேகக்காரன், அருகில் இருப்பது நண்பனின் காதலி என்றார்கள். பிறகு ஒலித்தது ஒரே குரல், ஒரே சொற்கள். ஆனால் பொருள் கூட்டும் மேல்நிலைப் பகுதிகளில், ஒரே முன்னுரை கேட்டவர்களின் மூளைகள் ஒன்றோடொன்று ஒத்தும், மற்றக் குழுவினரின் மூளையிலிருந்து விலகியும் இயங்கின. கதையில் எந்தக் கணத்தில் இரு பொருளும் அதிகம் பிரிகிறதோ, அந்தக் கணத்திலேயே மூளைகளும் அதிகம் பிரிந்தன.

ஆகவே யாராவது ஒரு நூலைப் பற்றிச் சொன்னால், கதையை அவர் எவ்வளவு சொல்கிறார் என்பதில் நான் அக்கறை காட்டுவதில்லை. அதை ஏன் கையில் எடுத்தார் என்பதைத்தான் விடாமல் கேட்கிறேன். மகனோடு மனத்தாங்கலில் இருந்தபோது எடுத்தேன் என்று ஒருவர் சொல்வார். ஊரைவிட்டு வந்த வருத்தத்தில் எடுத்தேன் என்று அதே நூலை நீட்டுவார் இன்னொருவர். எந்தக் காரணத்தைக் கேட்டுவிட்டு நான் முதல் பக்கத்தைத் திறக்கிறேனோ, அதற்கேற்ற நாவல்தான் என் தலைக்குள் ஓடப்போகிறது.