சாப்பாடு ஓகே... பந்தி?

ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் தலைவைக்காம சென்னையில இன்ஜினீயரிங் முடிச்சவங்க யாராவது இருக்கீங்களா? ஐ.சி., ரெசிஸ்டர், ப்ரெட்போர்டுனு பையை ரொப்பிக்கிட்டு சிந்தாதிரிப்பேட்டையில இருந்து அண்ணா சாலைக்கு வந்தா, கொஞ்ச தூரத்துல ஓமந்தூரார் அரசினர் தோட்டம். பஸ் ஸ்டாப் பேரா மட்டுமே நமக்குத் தெரிஞ்ச இந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார், 1947-49-ல சென்னை மாகாணத்தோட முதல்வர். அவர் பேரை ஒட்டி ஒரு ஸ்கூல் சாப்பாட்டுக் கதை இருக்கு.

திருநெல்வேலிப் பக்கம் சேரன்மாதேவியில, 1922-ல வ.வே.சு. ஐயர் ஒரு குருகுலம் ஆரம்பிச்சார். தேசபக்தி, தொழில் கல்வி, காங்கிரஸ் நன்கொடைனு எல்லாம் அமர்க்களம். ஆனா சாப்பாட்டு நேரத்துல ரெண்டு பிராமணப் பையன்களுக்கு மட்டும் தனி இடம். 'பெத்தவங்க கேட்டுக்கிட்டாங்க'ங்கிறது ஐயர் தரப்பு விளக்கம். அங்கே படிச்ச ஓமந்தூரார் மகன் மூலமாத்தான் விஷயம் வெளியே வந்துச்சுனு சொல்றாங்க. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் விடலை. மாகாண காங்கிரஸே ரெண்டுபட்டுச்சு. 1925-ல பெரியார் அந்தக் கட்சியை விட்டு வெளியேறினதுக்கு இதுவும் ஒரு காரணம். கவனிச்சீங்களா? சாம்பார்ல உப்பு பத்தலைனு வந்த சண்டை இல்லை இது. எங்கே உட்காருறதுன்னு வந்த சண்டை!

அதே காலகட்டத்துல சிந்தாதிரிப்பேட்டைக்குப் பக்கத்துல, ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில பசங்களுக்கு டிபன் கொடுக்க 1920-ல தீர்மானம் போட்டாங்க. அப்போ மாநகராட்சித் தலைவர் தியாகராயர். ஒரு பையனுக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல செலவு கூடாதுங்கிறது கண்டிஷன். அப்புறம் 1956-ல காமராஜர், 1982-ல எம்.ஜி.ஆர்., 2022-ல காலை உணவு. மீதித் தேதிகளை டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிற ஃப்ரெண்டைக் கேளுங்க, தூக்கத்துல கூட ஒப்பிப்பான். இத்தனை வருஷத்துலயும் நாம அதிகமா பேசினது தட்டுல என்ன விழுதுனுதான். முட்டை உண்டா, பருப்பு உண்டானு. தட்டைப் பத்தியும், அதை வைக்கிற தரையைப் பத்தியும் பேச்சே காணோம்.

தட்டு சின்ன விஷயமா? நம்ம ஊர்ல பாத்திரத்துக்குத்தான் சாதி ஜாஸ்தி பாஸ். டீக்கடை இரட்டைக் குவளை தெரியும்தானே? டீ ஒண்ணு, டம்ளர் வேற. வாழை இலையும் தையல் இலையும் சாப்பிட்டா தூக்கிப் போட்டுடலாம், நல்ல விஷயம்தான். ஆனா அந்த எச்சில் இலையை எடுத்தது யாருனு கேட்டா சத்தம் வராது. எவர்சில்வர் தட்டுல இன்னொரு கூத்து. பாத்திரக்கடையில பேர் வெட்டித் தருவாங்களே! எந்தக் கல்யாணத்துக்கோ மாமா மொய்யா வெச்ச தட்டு, அவர் பேரோட ஸ்கூல் பைக்குள்ள போகும். வீட்டுத் தட்டைப் பார்த்தா வீட்டு நிலைமை தெரிஞ்சிடும். பள்ளிக்கூடமே எல்லாருக்கும் ஒரே மாதிரி தட்டு கொடுத்துட்டா அந்தப் பேச்சே இல்லை. என்னைக் கேட்டா, யூனிஃபார்முக்குச் சொல்ற அதே நியாயம் தட்டுக்கும் பொருந்தும்.

ஜப்பான்ல இதை எப்படிப் பார்க்கிறாங்கனு தேடினா செம சுவாரஸ்யம். அங்கே பெரும்பாலான பள்ளிகள்ல வகுப்பறைதான் சாப்பாட்டு அறை. பெஞ்சுகளை ஒண்ணா நகர்த்திப் போட்டு, முறை வெச்சு பசங்களே வெள்ளை ஏப்ரன், தொப்பியோட பரிமாறுறாங்க. சாப்பிட்டு முடிச்சதும் எடுத்து வைக்கிறதும் அவங்கதான். 'இவன் பரிமாறினா நான் சாப்பிட மாட்டேன்'ங்கிற பேச்சுக்கு வழியே இல்லை, நாளைக்கு உங்க டர்ன்! போருக்கு அப்புறம் ரொட்டி, பால்னு மாறினப்போ, நுனி பிளந்த ஒரு ஸ்பூன் கொடுத்தாங்க. ஸ்பூனும் அதுவே, ஃபோர்க்கும் அதுவே. தட்டுக்குள்ள முகத்தை விட்டு நாய் மாதிரி சாப்பிட வைக்குதுனு பெரியவங்க கொதிச்சாங்க. 1976-ல பள்ளிச் சாப்பாட்டுல அரிசிச் சாதம் முறைப்படி சேர்ந்த பிறகு, சாப்ஸ்டிக்கும் மெள்ள உள்ளே வந்துச்சு. ஒரு ஸ்பூனுக்காக ஒரு நாடே வாதம் பண்ணியிருக்கு.

நமக்கு ஸ்பூன் பிரச்னையில்லை, கை இருக்கு. பக்கத்துல யாருங்கிறதுதான் பிரச்னை. 2023-ல கூட, காலை உணவைச் சமைச்சவங்களோட சாதியைக் காரணம் சொல்லி பெற்றோர் பிள்ளைங்களைச் சாப்பிட விடலைனு கரூர், தூத்துக்குடி மாவட்டங்கள்ல இருந்து செய்தி வந்துச்சு. கலெக்டரும் அமைச்சரும் நேர்ல போய், பசங்களோட உட்கார்ந்து சாப்பிட்டாங்க. சேரன்மாதேவி முடிஞ்சு கிட்டத்தட்ட நூறு வருஷம்.

அடுத்த என்.எஸ்.எஸ். கேம்ப்ல ஏதாவது கிராமத்துப் பள்ளிக்குப் போனா, மதியம் மணி அடிக்கிறவரைக்கும் இருந்து பாருங்க. பசங்க வராண்டாவுல உட்காருறாங்களா, மரத்தடியா, மழை வந்தா எங்கே? தட்டு கழுவ எத்தனை குழாய்? வரிசை தானா சேருதா, இல்லை ஏதாவது கணக்கு வெச்சுப் பிரியுதா? ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு டாபிக் தேடி அலையுற சிவில் மக்களே... சாரல் அடிக்காத கூரை, அறுபது பேர் ஒரே வரிசையா சம்மணம் போட்டு உட்காருற நீளம், சின்னப் பசங்க கை எட்டுற உயரத்துல ஆறு குழாய், கழுவின தண்ணி தேங்காம ஓட ஒரு வாட்டம். ஒரு செமஸ்டர் வேலை அது, தாராளமா எடுத்துக்கலாம்.