தரை டிக்கெட் எங்கே போயிற்று? நகர்ச் சீரமைப்பும் திரையரங்கின் அரசியலும்

நகரத்தின் மையப்பகுதியைச் 'சீரமைக்கப் போகிறோம்' என்று எங்கே திட்டம் தீட்டினாலும் வரைபடத்தின் உச்சியில் பெரும்பாலும் ஒரு சினிமா இடம்பெற்றுவிடுகிறது. கீழே வாகன நிறுத்தம், அதற்கு மேல் கடைகள், அதற்கும் மேல் தின்பண்டக் கூடம், எல்லாவற்றுக்கும் மேலே நான்கைந்து திரைகள். இதைச் சொன்னதும் நண்பர்களிடமிருந்து இரண்டுவிதமான பதில்கள் வருகின்றன. 'ஊருக்கு ஒரு தியேட்டர் வந்தா நல்லதுதானப்பா' என்பது ஒன்று. 'சினிமாவே ஒரு போதை, அதை எந்த மாடியில வச்சா என்ன' என்பது மற்றது. இரண்டாவது பதில் தீவிரமானதுபோலத் தோன்றினாலும் ஒரு விஷயத்தில் முதலாவதோடு ஒத்துப்போகிறது. தியேட்டர் என்பது படம் காட்டும் கருவி, அவ்வளவுதான் என்கின்றன இரண்டும்.

பிம்பம், நாயக வழிபாடு, கழக அரசியல் என்று படத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். படம் பார்த்தவர் எதன்மேல் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார், அவர் எப்படி உள்ளே வந்தார் என்பவற்றை அந்த அளவுக்குப் பேசவில்லை. புதிய தியேட்டர் என்கிற வாக்குறுதியைப் புரிந்துகொள்ள இந்தக் கேள்விகள்தான் உதவும் என்பது என் கருத்து.

தமிழ்ச் சூழலில் இதை அழுத்தமாகச் சொன்னவர் கா. சிவத்தம்பி. தமிழ்த் திரைப்படத்தை அரசியல் தொடர்புச் சாதனமாக ஆராயும் அவரது ஆங்கில நூல் 1981இல் வந்தது. தமிழர்கள் அனைவரும் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்த முதல் நிகழ்த்துகலை இடம் சினிமாக் கொட்டகை என்கிறார் அதில். அங்கே இருக்கையைத் தீர்மானித்தது பிறப்பால் வந்த படிநிலை அன்று, வாங்கும் சக்தி. கோயில் மண்டபத்திலும் சங்கீத சபையிலும் கிடைக்காத ஒன்று காசு கொடுத்தால் கொட்டகையில் கிடைத்தது.

இதை அப்படியே விழுங்கிவிட வேண்டியதில்லை. டி. கல்லுப்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் கிராமங்களில் டூரிங் கொட்டகையை அறிந்தவர்களுக்குத் தெரியும்: தரை, பெஞ்சு, சேர் என்று மூன்று வகுப்பு, பெண்களுக்குத் தனிப்பக்கம். கூலி வேலை யாருக்கு விதிக்கப்பட்டிருந்ததோ அவர்கள்தான் தரையில் இருந்தார்கள். ஆக, சாதி வெளியே நின்றுவிடவில்லை. காசாக உருமாறி உள்ளே வந்தது. ஆனாலும் ஒரு வித்தியாசம் உண்டு. டீக்கடையில் தனிக் குவளை வைத்திருந்த ஊரிலும் டிக்கெட் கொடுக்கும் பொந்துக்குள்ளிருந்து வெளியே தெரிந்தது ஒரு கை, அதில் கொஞ்சம் சில்லறை. அந்தக் கை எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்று கேட்பது வியாபாரத்துக்கு ஆகாது. கொட்டகையின் சனநாயகம் யாருடைய பெருந்தன்மையிலும் பிறந்ததல்ல. கூட்டம் இல்லாவிட்டால் பிழைப்பு இல்லை என்கிற கணக்கில் பிறந்தது. அந்தக் கணக்கு மாறினால் சனநாயகமும் மாறும்.

கணக்கு எப்படி மாறியது என்பதற்கு எங்கள் பக்கத்து உதாரணம் மதுரைதான். 1937இல் ராயல் டாக்கீஸ் எடுத்த 'சிந்தாமணி' படத்தின் லாபத்தில் அந்தப் பெயரிலேயே மதுரையில் ஒரு தியேட்டர் எழுந்தது. படத்தில் கிடைத்த பணம் கட்டடமாகி ஊரிலேயே நின்றது. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் விக்டோரியா எட்வர்டு மன்றத்தில் பகலில் வாசகசாலை, மாலையானால் ரீகல் தியேட்டர். மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் தங்கம் தியேட்டர் 1952 தீபாவளிக்குப் 'பராசக்தி'யோடு திறந்தது. 2500 பேருக்கு மேல் உட்காரலாம்; ஆசியாவிலேயே பெரியது என்று மதுரைக்காரர்கள் சொல்லிக்கொள்வார்கள்.

ஏன் இவ்வளவு பெரிய அரங்கு? மலிவான டிக்கெட்டை நிறைய விற்றுத்தான் அன்றைய தியேட்டர் பிழைத்தது. அந்தக் கூட்டம் நகரத்துக்குள்ளிருந்து மட்டும் வரவில்லை. எங்கள் ஊர் மதுரையிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். சந்தைக்கோ ஆஸ்பத்திரிக்கோ கோர்ட்டுக்கோ போகிறவர்கள் 'அப்படியே ஒரு படத்தையும் பாத்துட்டு' திரும்புவார்கள். பஸ் ஸ்டாண்டும் ரயிலடியும் தியேட்டர்களும் நடக்கிற தூரத்தில் இருந்ததால்தான் இது நடந்தது. 1980களின் நடுவில் மதுரையில் களஆய்வு செய்த சாரா டிக்கி, நகர்ப்புற ஏழைகளும் சினிமாவும் பற்றிய தம் நூலை 1993இல் வெளியிட்டார். நாம் 'ரசிகக் கும்பல்' என்று ஒதுக்கிவிடுகிற அந்த மனிதர்களே அவருடைய ஆய்வின் மையம்.

இன்று தங்கம் இருந்த இடத்தில் பெரிய ஜவுளிக்கடை. வெளியூர் பஸ்களுக்கான மாட்டுத்தாவணி நிலையம் 1999இல் ஊரின் வடகிழக்கு ஓரத்தில் திறக்கப்பட்டது. சொக்கிகுளத்தில் 2012இல் வந்த மாலுக்குள் ஐந்து திரைகள். இவற்றைத் தனித்தனிச் செய்திகளாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சேர்த்துப் பார்த்தால், கிராமத்து உடல்களும் நகர மையமும் சினிமாவும் சந்தித்த ஒரு முடிச்சு அவிழ்க்கப்பட்டிருப்பது தெரியும்.

வேறொரு பெருநகரத்தில் இது அரசுத் திட்டமாகவே நடந்தது. நியூயார்க்கின் 42ஆம் தெரு பழைய நாடக அரங்குகள் நிறைந்த தெரு. அவற்றில் பல பின்னாளில் மலிவு சினிமாக்களாகவும் நீலப்பட அரங்குகளாகவும் ஆயின. 1990இல் மாநில அரசு நிறுவனம் அங்கே பெரும்பகுதி இடத்தைக் கட்டாயமாகக் கையகப்படுத்தியது. 1997இல் டிஸ்னி நிறுவனம் ஒரு பழைய அரங்கைப் புதுப்பித்துத் திறந்தது. 1912இல் கட்டப்பட்ட எம்பயர் அரங்கை 1998இல் அடியோடு பெயர்த்து 170 அடி தள்ளி நகர்த்தினார்கள். 2000த்தில் அது 25 திரைகள் கொண்ட புதிய சினிமாவின் முன்கூடமாயிற்று. பழைய தியேட்டர் புதியதற்கு வாசல் அலங்காரமாக மிஞ்சியது.

இதைப் பற்றிக் கறுப்பின எழுத்தாளர் சாமுவேல் டிலேனி 1999இல் ஒரு நூல் எழுதினார். அந்த அரங்குகளில் ஒருபாலுறவு நாடிச் சென்றவர் அவர். ஒழுக்கவாதிகளுக்குப் பயந்து அதை மறைக்கவில்லை. அவருடைய வாதம் எளிமையானது. வேறு வேறு வர்க்கத்தார் தற்செயலாகச் சந்தித்துப் பேச நேர்கிற இடங்களால்தான் நகர வாழ்க்கை சகிக்கத்தக்கதாகிறது. 'பாதுகாப்பு', 'குடும்பம்' என்கிற சொற்களால் அந்த இடங்கள் துடைக்கப்படும்போது, ஒரே மாதிரியானவர்கள் தங்களுக்குள் சந்தித்துக்கொள்வது மட்டுமே மிஞ்சுகிறது. சிவத்தம்பியின் ஒரே கூரையை இதன் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம் என்று நினைக்கிறேன்.

சீரமைப்புக்காரர்களுக்குத் தியேட்டர் ஏன் வேண்டும்? கூட்டத்தை இழுக்க. பழைய தியேட்டர் கூட்டத்தை இழுத்தால் வாசலில் கடலை விற்கிறவர், டீக்கடைக்காரர், சைக்கிள் ஸ்டாண்டுக்காரர் என்று தெரு முழுக்கப் பிழைத்தது. மாலில் உச்சிமாடித் திரைக்குப் போகும் வழியும் திரும்பும் வழியும் கடைகளின் ஊடாகவே அமைகின்றன. டிக்கெட்டோடு தின்பண்டமும் விளம்பரமும் சேர்ந்துதான் வருமானம். எனவே பத்துப் பேர் வந்து ஒன்றும் வாங்காமல் போவதைவிட இரண்டு பேர் வந்து பாப்கார்ன் வாங்குவது லாபம். தரை டிக்கெட்காரரை யாரும் திட்டமிட்டு வெறுக்க வேண்டியதில்லை. கணக்கிலிருந்து அவர் தானாகவே விழுந்துவிடுகிறார்.

தப்பித்தவறி டிக்கெட் வாங்கிவிட்டால்? 2023 மார்ச்சில் சென்னை கோயம்பேடு ரோகிணி தியேட்டரில் கையில் டிக்கெட்டோடு வந்த நரிக்குறவர் குடும்பத்தை உள்ளே விடவில்லை. காட்சி வெளியாகிக் கண்டனம் எழுந்தது. படத்தின் தணிக்கைச் சான்றிதழும் குழந்தைகளின் வயதும்தான் காரணம் என்றது நிர்வாகம். பிறகு அவர்கள் படம் பார்த்தார்கள். அந்த விளக்கத்தை ஒதுக்கிவைத்துவிட்டே யோசிப்போம். பழைய கொட்டகையில் தடை டிக்கெட் பொந்தில் இருந்தது: காசிருந்தால் உள்ளே. இப்போது அது வாசலுக்கு இடம்பெயர்ந்திருக்கிறது. பையைச் சோதிக்கும் கைகளும் உடையை அளக்கும் கண்களும் டிக்கெட்டைப் பார்ப்பதற்கு முன்பே தீர்ப்புச் சொல்லிவிட முடிகிறது. வாங்கும் சக்தி என்கிற அந்தக் குறைந்தபட்ச உரிமையும் போதாமல் போகிற இடம் இது.

இங்கே தோழியர் ஒரு மறுப்பை எழுப்புவார்கள். அதைத் தட்டிக்கழிக்க முடியாது. மூத்திர நாற்றம், மூட்டைப்பூச்சி, பிளாக் டிக்கெட், இருட்டில் நீளும் கைகள்: பழைய தியேட்டர் பெண்களுக்கு என்னவாக இருந்தது? 'மால்லதான் நிம்மதியா ஒக்காந்து பாக்க முடியுது' என்று ஒரு பெண் சொன்னால் அது நுகர்வு மயக்கம் அல்ல, அனுபவம். நான் தங்கத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லவில்லை. சுத்தமான கழிப்பறையும் பெண்களின் பாதுகாப்பும் பணக்காரக் கட்டணத்தோடு ஒட்டிக்கொண்டுதான் வர வேண்டுமா என்று கேட்கிறேன். ஏழைப் பெண்ணுக்கு அந்தக் கழிப்பறையும் இல்லை, அந்தப் படமும் இல்லை.

மதுரை 2016இல் ஸ்மார்ட் சிட்டித் திட்டத்துக்குத் தேர்வானது. பெரியார் பஸ் நிலையத்தை இடித்துக் கட்டி 2021 டிசம்பரில் திறந்தார்கள். புதுமண்டபத்துத் தையல்காரர்களும் புத்தகக் கடைக்காரர்களும் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டார்கள். நகர மையத்தை மாற்றி எழுதும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதை இதிலிருந்தே படித்துக்கொள்ளலாம். நாளை இங்கோ திருமங்கலத்திலோ ராஜபாளையத்திலோ பொது நிலத்தில் தியேட்டர் என்று ஒரு வரைபடம் வந்தால், ஆதரவா எதிர்ப்பா என்று உடனே அணிபிரிய வேண்டியதில்லை. கேட்பதற்குப் பிடி இருக்கிறது. தமிழ்நாட்டில் 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் இல்லாமல் சினிமா நடத்த முடியாது. கட்டணத்தின் உச்சவரம்பையும் அரசே விதிக்கிறது. 2017 அக்டோபரில் மல்டிபிளெக்ஸுக்கு அது வரி நீங்கலாக 150 ரூபாய் ஆயிற்று. அதற்கு முன் சென்னையின் குளிர்சாதன அரங்குகளிலும் முன்வரிசையில் சில இருக்கைகள் 10 ரூபாய்க்குக் கிடைத்தன. விதி இருந்ததால்தான் அவை கிடைத்தன.

எனவே நிலம் மாநகராட்சியுடையது என்றால் குத்தகைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லலாம். எத்தனை இருக்கைகள், எந்த விலையில், எத்தனை ஆண்டுகளுக்கு? அவற்றை இணையத்தில் மட்டுமில்லாமல் சன்னலிலும் விற்பார்களா? கடைகளைச் சுற்றாமல் தெருவிலிருந்து நேரே ஏற ஒரு படிக்கட்டு உண்டா? டிக்கெட் உள்ளவரை வாசலில் நிறுத்தினால் என்ன தண்டனை? இரண்டாம் ஆட்டம் விட்டபின் கல்லுப்பட்டிக்குப் பஸ் இருக்குமா? இவற்றுக்குப் பதில் எழுத்தில் வராத வரைக்கும் 'ஊருக்குத் தியேட்டர் வருகிறது' என்று நாம் சொல்லக்கூடாது. ஊரில் ஒரு பகுதியாருக்குத் தியேட்டர் வருகிறது, இடம் மட்டும் எல்லாருடையது.