கார்வெட் மகிழுந்தில் வானொலி ஏற்பைச் சீராக்குதல்

கார்வெட் என்பது அமெரிக்காவின் செவ்ரோலெட் நிறுவனம் 1953 முதல் தயாரித்துவரும் இரு இருக்கை விளையாட்டு மகிழுந்து, அதாவது ஸ்போர்ட்ஸ் கார் ஆகும். இதன் வெளிக்கூடு இரும்புத் தகட்டால் ஆனதன்று. கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்த பொருளால் ஆனது. இதனால் கூடு துருப்பிடிக்காது. ஆனால் வானொலிக்கு இதே கூடுதான் தொல்லை. பழைய கார்வெட்டில் கரகரப்புக் கேட்டதும் வானொலிப் பெட்டியின் மேல் பழியைப் போட்டு, முகப்புப் பலகையை வெட்டிப் புதிய பெட்டியைப் பொருத்திவிடுபவர்கள் உண்டு. வெட்டிய பலகை பழையபடி ஆகாது. பல வேளைகளில் கரகரப்பும் போகாது.

காரணத்தை அறிய, கம்பி அலைவாங்கி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். மகிழுந்தில் நிற்கும் கம்பி, அலைவாங்கியின் ஒரு பாதிதான். அதன் அடியில் உள்ள உலோகப் பரப்பு, கண்ணாடி பிம்பத்தைக் காட்டுவதுபோல, மறுபாதியாக நின்று அதை முழுமையாக்குகிறது. பண்பலையில் 100 மெகாஹெர்ட்ஸ் நிலையத்தை எடுத்துக்கொள்வோம். 300ஐ மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். இங்கே 3 மீட்டர். அதில் கால் பங்கு 75 செ.மீ. மகிழுந்துக் கம்பிகள் ஏறத்தாழ அந்த உயரத்தில் இருப்பது இதனால்தான். இரும்பு வண்டியில் மட்கார்டும் கூரையும் அந்த மறுபாதியைத் தாமே தந்துவிடுகின்றன. கார்வெட்டில் கம்பியின் அடியில் இருப்பதோ மின்கடத்தாப் பொருள். 1953ஆம் ஆண்டு வண்டியில் பொறியாளர்கள் இந்தக் குணத்தையே பயன்படுத்திக்கொண்டு, பின்பெட்டி மூடிக்குள் உலோக வலையைப் பதித்து அதையே அலைவாங்கியாக்கினர். அழகான யோசனை. ஆனாலும் பிற்கால வண்டிகளில் பின்பக்கத்தில் கம்பி வந்துவிட்டது.

இரண்டாவது தொல்லை எஞ்சினிலிருந்து வருகிறது. ஹெர்ட்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் 1880களில் வானொலி அலைகளை உண்டாக்கியது மின்பொறியைக் கொண்டுதான். பெட்ரோல் எஞ்சினின் ஸ்பார்க் பிளக்கும் அதே வேலையைத்தான் செய்கிறது. எட்டு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு 4 பொறிகள். நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால் விநாடிக்கு 200 பொறிகள். இரும்பு பானெட் இந்த இரைச்சலை மூடிவைக்கும். கண்ணாடி இழை மூடாது. ஆகவே பழைய கார்வெட்டுகளில் டிஸ்ட்ரிபியூட்டரையும் பிளக் வயர்களையும் சுற்றி உலோகக் கவசங்கள் வைக்கப்பட்டன. வானொலி வேண்டாம் என்று வாங்கிய வண்டிகளுக்கு இக்கவசங்கள் தரப்படவில்லை. அவை அலங்காரத்துக்கானவை அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. பிளக் மாற்றும்போது கழற்றி மூலையில் வைத்த கவசம் திரும்ப மாட்டப்படாமலே போவதுண்டு. அதைத் தேடி மாட்டி, அதன் திருகுகளும் உலோகப் பட்டைகளும் துருவின்றி இறுகியுள்ளனவா என்று பார்ப்பது முதல் வேலை. பிளக் வயர் மாற்றும்போது வெறும் செம்புக் கம்பி வயரைத் தவிர்த்து, இரைச்சலை அடக்கும் மின்தடை வயரையே வாங்க வேண்டும்.

இரைச்சல் எந்த வழியாக வருகிறது என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. எஞ்சினை ஓடவிட்டு, வானொலியின் பின்புறமுள்ள அலைவாங்கிச் செருகியைப் பிடுங்க வேண்டும். இரைச்சல் நின்றால் அது அலைவாங்கி வழியே வந்தது. நிற்காவிட்டால் மின்வழங்கு கம்பி வழியே வந்திருக்க வாய்ப்பு அதிகம். எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஊளை ஒலி கேட்டால் ஆல்டர்னேட்டரைச் சந்தேகிக்கலாம். அதற்கு மின்வடிகட்டி போட வேண்டும். எஞ்சின் ஓடும்போது பிளக் வயர்களில் கை வைக்கக் கூடாது. அவற்றில் பல ஆயிரம் வோல்ட் அழுத்தம் உள்ளது.

அடுத்தது எர்த் எனப்படும் தரை இணைப்பு. கூடு கண்ணாடி இழையானாலும் அடிச்சட்டம் எஃகுதான். அலைவாங்கியின் அடிப்பாகத்திலிருந்து சட்டத்துக்குப் பின்னல் செம்புப் பட்டை ஒன்று செல்ல வேண்டும். எஞ்சினை நிறுத்தி, செருகியைப் பிடுங்கிய நிலையில் மல்டிமீட்டரால் அளந்தால், அடிப்பாகத்துக்கும் சட்டத்துக்கும் இடையே மின்தடை 1 ஓமுக்குள் இருக்க வேண்டும். செருகியின் நடுமுனைக்கும் வெளிவளையத்துக்கும் இடையே தொடர்பே இருக்கக் கூடாது. இருந்தால் கேபிளுக்குள் எங்கோ குறுக்கிணைப்பு உள்ளது. பட்டை துருப்பிடித்திருந்தால், சட்டத்தின் வண்ணப்பூச்சைச் சுரண்டிப் பளபளப்பான உலோகத்தில் மீண்டும் திருக வேண்டும். அதிகச் செலவில்லாத இந்த வேலைதான் பெரும்பயன் தருவது. இதைச் செய்யாமல் அலைவாங்கிப் பெருக்கியை வாங்கி மாட்டினால், அது நிலையத்தோடு இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும்.

மத்திய அலையின் கதை சற்று வேறு. 1000 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் 300 மீட்டர். அதன் முன் ஒரு மீட்டர்கூட இல்லாத கம்பி மிகச் சிறியது. அது பிடிக்கும் சிறிதளவு மின்னழுத்தத்தையும் கேபிளின் மின்தேக்குத் திறன் குறைத்துவிடுகிறது. பின்புறக் கம்பியிலிருந்து முகப்பு வரை நீளும் கார்வெட்டின் கேபிளில் இந்த இழப்பு கூடுதல். ஆகவே பழுதான கேபிளுக்குப் பதில் தொலைக்காட்சிக் கேபிளைப் போடாமல், மகிழுந்து வானொலிக்கென்றே செய்யப்படும் மின்தேக்குத் திறன் குறைந்த கேபிளைப் போட வேண்டும். பழைய பெட்டிகளில் அலைவாங்கிச் செருகிக்கு அருகே ஒரு சிறு திருகும் இருக்கும். கம்பியை முழுதாக உயர்த்தி, 1400 கிலோஹெர்ட்ஸை ஒட்டி மெலிதாகக் கேட்கும் நிலையம் ஒன்றை வைத்து, ஒலி உச்சத்தை எட்டும்வரை அத்திருகை மெல்லத் திருப்ப வேண்டும். வலுவான நிலையத்தை வைத்துத் திருப்பினால் பெட்டி ஒலியைத் தானே சமன்செய்துவிடும். உச்சம் எது என்று காதுக்குத் தெரியாது.