மழைக்கோட்டின் விலையும் மதிப்பும்

மலையேறுவோரும் குளிர்ப் பிரதேசங்களில் நெடுநடை செல்வோரும் அணியும் உயர்தர மழைக்கோட்டு, கடையில் தொங்கும்போது வெறும் நைலான் சட்டையாகவே தோன்றும். விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தவன்தான், சாதாரணக் கோட்டின் விலையைப்போல் பத்து மடங்கு கேட்பதற்கு இதில் என்ன விசேஷம் என்று திகைப்பான். போதாக்குறைக்கு, பூமிக்குத் தீங்கு செய்யாத முறையில் தயாரானது என்ற புண்ணிய வாசகமும் அச்சீட்டில் அச்சாகியிருக்கும். விசேஷம் உண்டா, புண்ணியம் உண்டா என்பவற்றைத் தனித்தனியே ஆராய்ந்த பிறகே, விலை நியாயமா என்ற விசாரணையில் இறங்குவது உசிதம்.

மழையைத் தடுப்பது மட்டும் பெரிய வித்தையல்ல; ரப்பர் பூசிய துணியே அதைச் செய்துவிடும். ஆனால் மலையேறுபவனின் உடம்பிலிருந்து எழும் வியர்வையாவியும் அதே ரப்பரால் தடைபட்டு உள்ளேயே நீராகி, மழைக்குத் தப்பியவனை வியர்வையில் நனைத்துவிடும். இந்தச் சங்கடத்துக்குப் பரிகாரம் 1969-ல் அமெரிக்காவில் பிறந்தது. சமையல் பாத்திரங்களின் வழியாக நமக்குப் பரிச்சயமான டெஃப்லான் என்னும் பொருளைச் சூடாக்கி மெல்ல இழுத்து நீட்ட முயன்று, ஒவ்வொரு முறையும் அது அறுந்துபோகக் கண்ட பாப் கோர் என்பவர், சலிப்புற்று வெடுக்கென ஓர் இழுப்பு இழுத்தபோது, அது அறுபடாமல் பல மடங்கு நீண்டு, கண்ணுக்குப் புலப்படாத துவாரங்கள் நிறைந்த வஸ்துவாக மாறிவிட்டது. கோர்-டெக்ஸ் என்று பெயர் பெற்ற அந்தச் சவ்வின் துவாரம், நீர்த்துளியைவிட ஏறக்குறைய 20,000 மடங்கு சிறியது, நீராவியின் மூலக்கூற்றைவிட 700 மடங்கு பெரியது என்பது தயாரிப்பாளர் கூறும் கணக்கு. ஆகவே மழை உள்ளே வராது. ஆவி வெளியே போகும். ஆயினும், உள்ளே ஈரம் மிகுந்து, வெளியே குளிரும் வறட்சியும் இருந்தால்தான் ஆவி விரைந்து வெளியேறும். வெளிக்காற்றே வெக்கையும் ஈரமுமாக நிற்குமிடத்தில் இச்சவ்வின் திறமை பெரும்பாலும் முடங்கிவிடும்.

சவ்வுக்கு மேலுள்ள துணியின்மீது, நீர் முத்து முத்தாக உருண்டோடும்படி ஒரு பூச்சு இடுவார்கள். பூச்சு தேய்ந்து மேல்துணி நனைந்துவிட்டால், ஆவியின் வழி அடைபட்டு உட்புறம் ஈரமாகும். கோட்டு ஒழுகுகிறது என்று அணிந்தவன் பழி சொல்வான். நெடுங்காலம் இப்பூச்சுக்கு உபயோகித்தவை, இயற்கையில் எளிதில் அழியாத ஃப்ளோரின் ரசாயனங்கள். நியூயார்க், கலிபோர்னியா ராஜ்யங்கள் 2025 முதல் அவை சேர்ந்த புத்தாடைகளின் விற்பனைக்குத் தடை விதித்து, கடும் மழைக்குரிய ஆடைகளுக்கு மட்டும் 2028 வரை அவகாசம் அளித்தன. கோர் நிறுவனமும் 2022-ல் ஃப்ளோரின் கலவாத பாலிஎத்திலீன் சவ்வை வெளியிட்டது. இந்த மாற்றம் மெய்யான நன்மையே. எனினும் புதிய பூச்சுகள் எண்ணெய்ப் பிசுக்கைப் பழையவைபோல் விலக்கமாட்டா. உடம்பின் எண்ணெயும் அழுக்கும் சேரச்சேர அவை வலுவிழக்குமாதலால், கோட்டை அடிக்கடி துவைத்து, துணிச்சீட்டில் அனுமதித்த அளவு சூட்டில் உலர்த்தவேண்டும்.

பழைய பொருளிலிருந்து நூல் எடுப்பதும் புண்ணியக் கணக்கில் சேர்வதுண்டு. பாடகோனியா நிறுவனம் 1993-லேயே பிளாஸ்டிக் பாட்டில்களிலிருந்து குளிராடை தயாரித்தது. அந்த நிறுவனமே 2011 நவம்பரில், அமெரிக்கர் கடைகளில் மொய்க்கும் நாளொன்றில், தன் கோட்டை வாங்கவேண்டாமென்று நியூயார்க் டைம்ஸில் முழுப்பக்க விளம்பரம் செய்தது. அறுபது சதவீதம் மறுசுழற்சி நூலால் ஆன அக்கோட்டு ஒன்றுக்கு 135 லிட்டர் நீர் செலவாகிறதென்றும், அதன் எடையைப்போல் 24 மடங்கு கரியமிலவாயு வெளியாகிறதென்றும் அதிலேயே ஒப்புக்கொண்டது. மறுசுழற்சி தீங்கைக் குறைக்குமே அன்றி அழித்துவிடாது என்பதற்கு இதைவிடச் சாட்சியம் வேண்டியதில்லை.

இனி விலைக்கு வருவோம். 30,000 ரூபாய்க் கோட்டு ஒன்றை ஆண்டுக்கு ஐம்பது நாள் வீதம் பத்து ஆண்டுகள் அணிந்தால் நாளொன்றுக்கு 60 ரூபாய். ஆண்டுக்கு ஐந்தே நாள் அணிந்தால் 600 ரூபாய். 3,000 ரூபாய்க் கோட்டு முப்பதே நாளில் கிழிந்தாலும் நாளுக்கு 100 ரூபாய்தான். அணியாமல் பெட்டியில் வைத்துப் பாதுகாப்பதும் சேமிப்பாகாது. வெக்கையிலும் ஈரத்திலும் பசையும் பூச்சும் நாளடைவில் சிதைந்து, அடுக்குகள் உரிந்துவிடும். ஆகவே வாங்குபவன் கேட்கவேண்டியது, ஜிப் பழுதானால் மாற்றித் தருவார்களா, தையல்மேல் ஒட்டிய பட்டை பிரிந்தால் மீண்டும் ஒட்டித் தருவார்களா, அந்தப் பழுதுநிலையம் நம் ஊரிலிருந்து எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்பவையே. நெவாடாவின் ரீனோ நகரில் பாடகோனியா நடத்தும் பழுதுநிலையம் அமெரிக்கனுக்கு விலையின் ஒரு பகுதி. அதை எட்ட முடியாதவனுக்கோ அதே விலையில் அந்தப் பகுதி கழிந்துபோகிறது.

குளிர்மலையில் வருஷந்தோறும் பல வாரம் நடப்பவனும், துவைத்தும் தைத்தும் பேணும் பொறுமையுள்ளவனும் இக்கோட்டுக்குக் கொடுக்கும் பணம் வீணாகாது. நல்ல நிலையிலுள்ள பழைய கோட்டு கிடைக்குமானால் அவனுக்கும் அதுவே முதல் தேர்வு. எப்போதாவது ஒருமுறை மலைக்குப் போய்வருபவன், புண்ணிய வாசகத்துக்காக மட்டும் புதுக்கோட்டு வாங்குவானாகில், பணத்தையும் செலவழித்து, அந்த 135 லிட்டரை ஒத்த செலவையும் பூமியின் கணக்கில் ஏற்றியவனாவான். கைவசமுள்ள பழைய கோட்டே அவனுக்குப் போதும்.