பிடியரிசியும் இலவசக் கல்வியும்

2022ஆம் ஆண்டு மார்ச் மாதம். மேல் மாகாணப் பாடசாலைகளிலே மேல்வகுப்பு மாணவர்கள் தவணைப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்துகொண்டிருந்தனர். பரீட்சை தொடங்குதற்கு இரண்டொரு நாள் இருக்கையில், அது காலவரையறையின்றி ஒத்திவைக்கப்பட்டது என்ற செய்தி வந்தது. காரணம் யாது? கொள்ளை நோயுமன்று, கலவரமுமன்று. வினாத்தாள் அச்சிடுதற்குக் காகிதம் இல்லை, மையும் இல்லை!

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இரவு கண்விழித்துப் படித்த பிள்ளைகள் இச்செய்தியைக் கேட்டுத் திகைத்தனர். சிலர் உள்ளூர மகிழ்ந்தனர் என்பதையும் மறைப்பதற்கில்லை. பிள்ளைகள் அல்லவா! ஆனால் பெற்றோர் மகிழவில்லை. "டொலர் இல்லையாம், ஆகவே காகிதம் இல்லையாம்" என்று அவர்கள் தமக்குள்ளே பேசிக்கொண்டனர். அது மெய்யே. எனினும் அந்த வெற்றுத்தாளின் கதை அந்த மார்ச் மாதத்திலே தொடங்கியதன்று. அதன் தொடக்கத்தைத் தேடிச் செல்வோமாயின், நம் வீட்டுக் கணக்குப் புத்தகத்துக்கே வந்து சேர்வோம்.

வகுப்பறையிலே மாணவர்களை நோக்கி, "இலவசக் கல்வி என்றால் என்ன?" என்று நாம் வினவுவதுண்டு. "பணம் கட்டாமற் படிப்பது" என்று உடனே விடை வரும். பாதி விடை சரி. பணம் கட்டாமற் படிக்கலாம். ஆனால் பணம் கட்டாமற் படிப்பிக்க முடியாது. ஆசிரியருக்குச் சம்பளம் வேண்டும். கூரைக்கு ஓடு வேண்டும். கரும்பலகைக்குச் சுண்ணக்கட்டி வேண்டும். யாரோ ஒருவர் கொடுக்கிறார். அந்த யாரோ யார் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முன்னோர் கண்ட வழி

1848ஆம் ஆண்டிலே ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அரசாங்கத்தின் உதவி இல்லாத காலம் அது. வீடுதோறும் உலையிலிடும் அரிசியில் ஒரு பிடியை வேறாக எடுத்துவைத்து, அவ்வாறு திரண்டதைக் கொண்டு பள்ளிக்கூடம் நடத்தும் பிடியரிசி முறையை நம் சமூகம் இன்றும் நன்றியோடு நினைவுகூர்கின்றது. பின்னாளிலே கொழும்பில் வாழ்ந்த சைவத் தமிழரும் அவ்வழியே நின்றனர். கொட்டாஞ்சேனையில் விவேகானந்த சபையாரும், வெள்ளவத்தையிற் சைவ மங்கையர் கழகத்தாரும் பொருள் திரட்டிப் பாடசாலைகளை நிறுவினர்.

பிடியரிசியின் தத்துவம் மிக எளியது. ஒரு வீட்டுக்கு ஒரு பிடி பாரமன்று. ஆனால் ஊர் முழுவதும் சேர்ந்தால் ஒரு பள்ளிக்கூடம் எழுகின்றது. கொடுத்த வீட்டிலே படிக்கும் பிள்ளை இருக்க வேண்டும் என்னும் நியதியும் இல்லை. நாடு முழுவதற்கும் விரித்த பிடியரிசிக்கே வரி என்று பெயர்.

இலங்கையில் அவ்விரிவு நிகழ்ந்த நாள் 1945ஆம் ஆண்டு ஒக்டோபர் 1ஆந் திகதி. அதற்கு முன்னர் தாய்மொழிப் பாடசாலைகளிற் கட்டணம் இல்லை. உத்தியோகத்துக்கு வழிகாட்டிய ஆங்கிலப் பாடசாலைகளிலோ கட்டணம் இருந்தது. ஆகவே ஏழையின் பிள்ளைக்கு ஒரு கதவும், செல்வர் பிள்ளைக்கு வேறொரு கதவும் இருந்தன. கல்வி மந்திரியாகிய சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா தலைமை தாங்கிய விசேட குழு 1943இல் அறிக்கை வெளியிட்டது. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணமின்றிக் கற்பிக்கும் திட்டம் இரண்டாண்டில் நடைமுறைக்கு வந்தது. "பணத்துக்கு எங்கே போவது?" என்று கேட்டவர் அன்றும் பலர். அத்துணைப் பெருஞ்செயல் புரிந்த கன்னங்கரா 1947ஆம் ஆண்டுத் தேர்தலிலே தோல்வியுற்றார் என்பது வரலாற்றின் விநோதங்களுள் ஒன்று.

1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளுட் பெரும்பாலானவை அரசாங்கத்தின் கைக்கு மாறின. அன்றுதொட்டுப் பாடசாலையின் பாரம் பெரும்பாலும் திறைசேரியின் தலைமேல் ஏறிற்று. 1980இல் இலவசப் பாடநூலும், 1993இல் இலவசச் சீருடைத் துணியும் வந்தன. பிடியரிசிப் பெட்டி ஊரிலிருந்து கோட்டைக்குப் போய்விட்டது. போனதனால் அதை நாம் மறந்தும்விட்டோம்.

கைவைக்க எளிய இடம்

பெட்டி குறையும்போது என்ன நிகழும்? 1953ஆம் ஆண்டு நமக்கு ஒரு பாடம் தந்தது. கொரிய யுத்த காலத்தில் உயர்ந்திருந்த றப்பர் விலை விழுந்தது. ஏற்றுமதியை நம்பியிருந்த அரசாங்க வருவாயும் அதனோடு விழுந்தது. அப்போதைய நிதி மந்திரி ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் வரவு செலவுத் திட்டத்தின்படி, 25 சதமாக இருந்த ஒரு கொத்து அரிசியின் விலை 70 சதமாயிற்று. புகையிரதக் கட்டணமும் தபாற் கட்டணமும் உயர்ந்தன. பாடசாலைப் பிள்ளைகளுக்கு வழங்கிய மதிய உணவும் நிறுத்தப்பட்டது. ஓகஸ்ட் 12ஆந் திகதி நாடெங்கும் ஹர்த்தால் நிகழ்ந்து, உயிர்ச்சேதமும் நேர்ந்தது. பிரதம மந்திரி டட்லி சேனநாயக்கா ஒக்டோபரிற் பதவி துறந்தார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பணம் போதாதவிடத்து, கடன் வட்டியில் எவரும் கைவைப்பதில்லை. சம்பளத்திலும் எளிதிற் கைவைப்பதில்லை. பிள்ளையின் சோற்றுத் தட்டே கைக்கு எளிதில் அகப்படுகின்றது. வாக்குரிமை இல்லாதவன் அல்லவா மாணவன்!

இரண்டாயிரம் ரூபாவின் கதை

இனி 2019ஆம் ஆண்டு இறுதிக்கு வருவோம். புதிய ஆட்சி வந்தவுடன் வரிகள் பெரிதுங் குறைக்கப்பட்டன. டிசெம்பர் 1 முதற் பெறுமதி சேர் வரி நூற்றுக்கு 15இலிருந்து 8 ஆயிற்று. தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி நீங்கியது. 2020 ஜனவரி முதல், ஆண்டுக்கு 30 இலட்சம் ரூபா வரை உழைப்பவர் வருமான வரி செலுத்த வேண்டியதில்லை என்றாயிற்று. நம்மிற் பலர் மகிழ்ந்தோம். மாதம் ஒன்றரை இலட்சம் ரூபா சம்பளம் பெற்ற ஒருவருக்கு அதனால் மிஞ்சிய தொகை ஏறத்தாழ 2,000 ரூபா.

நாட்டின் பெட்டியிலே என்ன நிகழ்ந்தது? 2019இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் நூற்றுக்கு 11.6 ஆக இருந்த வரி வருவாய், அடுத்த ஆண்டே எட்டளவுக்கு இறங்கிற்று, 2022இல் 7.3 ஆயிற்று. 1990ஆம் ஆண்டளவில் அது 19ஐ ஒட்டியிருந்தது என்பதை நினைக்கும்போது வீழ்ச்சியின் ஆழம் விளங்கும்.

வரிக்குறைப்பு ஒன்றே எல்லாத் துன்பத்துக்கும் காரணம் என்று கூறுவது நேர்மையன்று. உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பும், கொரோனா நோயும் உல்லாசப் பயணத் துறையை வீழ்த்தின. பழைய கடன்களும், 2021இல் இரசாயன உரத்துக்கு விதித்த தடையும் நிலைமையை மோசமாக்கின. ஆயினும் வருவாய் குன்றிய அரசை நம்பிக் கடன் கொடுப்பார் யார்? தரப்படுத்தும் நிறுவனங்கள் 2020இல் இலங்கையைக் கீழிறக்கின. சர்வதேசச் சந்தையிற் கடன் பெறும் வழி அடைபட்டது. கையிருந்த டொலர் பழைய கடனுக்கே கரைந்தது. காகிதம் வெளிநாட்டிலிருந்து வருவது. அதற்கு நாணயக் கடிதம் திறக்க வங்கியிற் டொலர் இல்லை. இவ்வாறாகவே சம்பளச் சீட்டில் மிஞ்சிய இரண்டாயிரம் ரூபாவுக்கும் அச்சேறாத வினாத்தாளுக்கும் இடையே ஒரு சங்கிலி நீண்டிருந்தது. 2022 ஏப்ரல் 12ஆந் திகதி வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. யூன் மாதத்திற் பெற்றோலும் டீசலும் இன்றிக் கொழும்புப் பாடசாலைகள் மூடப்பட்டன. செப்ரெம்பரிற் கொழும்பிலே பொருள்களின் விலை முந்திய ஆண்டைவிட நூற்றுக்கு 69.8 உயர்ந்து நின்றது. மிஞ்சிய இரண்டாயிரம் எங்கே போயிற்று என்று இனிச் சொல்லவும் வேண்டுமோ?

2023ஆம் ஆண்டுக்குரிய சீருடைத் துணியிற் பெரும்பகுதி சீன நாட்டின் நன்கொடையாக வந்தது. பாடநூல் அச்சிடுதற்கு இந்தியாவின் கடனுதவி துணைசெய்தது. உதவிய அயலாருக்கு நாம் நன்றியுடையோம். ஆனால் பிடியரிசி கொடுத்துப் பள்ளிக்கூடம் நடத்திய சமூகத்தின் பேரப்பிள்ளைகள் அயலார் துணியிற் பள்ளிக்குப் போக நேர்ந்ததே என்ற வருத்தமும் உடன் எழுகின்றது.

கொடுப்பவர் யார்?

வரி குறைந்தால் கல்விச் செலவு மறைந்துவிடுவதில்லை. அது வேறு வாசலால் வீட்டுக்குள் நுழைகின்றது. மாலை வேளையில் வெள்ளவத்தையின் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கைகளிலே நடந்து பாருங்கள். புத்தகப்பையோடு ரியூசன் வகுப்புக்கு விரையும் பிள்ளைகளைக் காணலாம். ஆசிரியர் போதாத பாடத்தையும், ஆய்கூடம் இல்லாத விஞ்ஞானத்தையும் பெற்றோர் விலைகொடுத்து வாங்குகின்றனர். வசதியுள்ள வீடு வாங்கிவிடுகின்றது. கொட்டாஞ்சேனைத் தோட்டத்து வீடொன்றிலே மூட்டை சுமந்து பிழைக்கும் தந்தை என் செய்வார்? மூன்று பிள்ளைகளுள் எந்தப் பிள்ளையை ரியூசனுக்கு அனுப்புவது என்று தாய் தேர்ந்தெடுக்க நேர்வதை நாம் அறிவோம். பெரும்பாலும் அத்தேர்விலே பெண்பிள்ளை தோற்றுப்போகிறாள். 1945இல் ஒன்றாக்கிய கதவு மீண்டும் இரண்டாகின்றது.

மூட்டை சுமப்பவர் வரி செலுத்துவதில்லை என்று எண்ணுவோர் உளர். அது பெருந்தவறு. அவர் வாங்கும் சவர்க்காரத்திலும், தொலைபேசிக்கு நிரப்பும் பணத்திலும் பெறுமதி சேர் வரி உண்டு. அவ்வரி 2022இல் 12 ஆகவும் பின்னர் 15 ஆகவும், 2024 ஜனவரியில் 18 ஆகவும் ஏறியது. செல்வரும் வறியரும் ஒரே வீதத்திற் செலுத்துவது அது. நம் நாட்டு வரி வருவாயிற் பெரும்பகுதி இத்தகைய மறைமுக வரியே. ஒருபிடி அரிசி, பத்து மூட்டை அடுக்கியுள்ள வீட்டுக்கும் ஒருபிடி. அரைக்கொத்து வாங்கிச் சமைக்கும் வீட்டுக்கும் ஒருபிடி என்பது நீதியாகுமா? உழைப்புக்கேற்ற வருமான வரி உயர்ந்தபோது நம்மவர் முகஞ்சுளித்ததுண்டு. சுளிக்குமுன் அந்தத் தந்தையையும் ஒருமுறை நினைப்பது நன்று.

"செலுத்தும் வரி வீணாகின்றதே, களவாடப்படுகின்றதே" என்பது நியாயமான முறைப்பாடு. அதற்கு மருந்து கொடுக்காதிருப்பதன்று; கணக்குக் கேட்பது. பிடியரிசி கொடுத்தவர்கள் பள்ளிக்கூடத்துக்குட் சென்று, பிள்ளை படிக்கின்றதா என்று பார்த்தார்கள். நாமும் பார்க்க வேண்டும். வரி வருவாய் 2024இல் மீண்டும் நூற்றுக்கு 12ஐத் தாண்டியது. உலக நாடுகள் 2015இல் வகுத்துக்கொண்ட அளவின்படி, கல்விக்கு உள்நாட்டு உற்பத்தியில் 4 முதல் 6 வரை செலவிட வேண்டும். நம் நாடோ 2 என்னும் எல்லையைத் தாண்டவே பல்லாண்டுகளாக இடர்ப்படுகின்றது. 2012ஆம் ஆண்டிற் பல்கலைக்கழக ஆசிரியர்கள் 6 வேண்டுமென்று மாதக்கணக்காக வேலைநிறுத்தஞ் செய்தமையை மூத்த மாணவர்கள் அறிவர்.

ஆகவே அடுத்த முறை பாராளுமன்றத்தில் வரவு செலவுத் திட்டம் வாசிக்கப்படும்போது, எப்பொருளின் விலை ஏறியது, எது இறங்கியது என்று மட்டும் பார்த்துப் பத்திரிகையை மடித்துவிடாதீர்கள். பிள்ளைகளையும் அருகில் இருத்தி மூன்று கேள்விகளைக் கேளுங்கள். யாரிடமிருந்து எடுக்கிறார்கள்? பாடசாலைக்கு எவ்வளவு ஒதுக்குகிறார்கள்? சென்ற ஆண்டு ஒதுக்கியது உண்மையிற் செலவாயிற்றா? கணக்குப் பாடத்திலே சதவீதம் படிக்கும் பிள்ளைக்கு இதனினும் நல்ல பயிற்சி வேறில்லை.

அன்று பாட்டிமார் உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடியை எடுத்து வைத்தனர். அந்தப் பிடி எங்கே போகின்றது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நமக்கும் அது தெரிந்திருத்தல் வேண்டும்.