லைசென்சுக்குக் கொடுத்த ஜெராக்ஸ் எங்கே போகிறது?

கடைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டம்

டீக்கடையோ, மளிகைக்கடையோ, சலூனோ, சென்னையில் கடை போட வேண்டும் என்றால் மாநகராட்சியில் தொழில் லைசென்சு எடுக்க வேண்டும். பெயர், விலாசம், செல்போன் நம்பர், அடையாள அட்டை, வாடகைக் கடையாக இருந்தால் ஒப்பந்த நகல் என்று ஒரு கட்டு காகிதம் சேர்ந்துவிடும்.

"ஆதார் ஜெராக்ஸ் எங்கேங்க? பக்கத்துல எடுத்துட்டு வாங்க. எதுக்கும் ரெண்டு காப்பியா எடுத்துக்குங்க."

எந்த அலுவலகத்துக்குப் போனாலும் காதில் விழும் பேச்சு இது. கடைக்காரரும் ஓடிப்போய் எடுத்து வருவார். லைசென்சு கைக்கு வந்தால் போதும் என்றிருக்கும். கொடுத்த காகிதம் என்ன ஆனது என்று யாரும் கேட்பதில்லை.

கூலிக்காரருக்கு வரி நோட்டீசு!

கேட்டாக வேண்டிய காலம் வந்துவிட்டது. அன்றாடம் கூலி வேலைக்குப் போகிறவருக்கு ஜி.எஸ்.டி. பாக்கி என்று லட்சக்கணக்கில் நோட்டீசு வந்த செய்திகள் தமிழ்நாட்டிலும் வந்திருக்கின்றன. அவருடைய ஆதார், பான் கார்டு நகலை வைத்து யாரோ அவர் பெயரில் கம்பெனி நடத்தியிருப்பார்கள். நகல் எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போனது என்று கண்டுபிடிப்பது லேசான காரியம் அல்ல.

2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், ஆதார் நகலைக் கண்டவர்களிடம் கொடுக்க வேண்டாம் என்று எச்சரித்தது. இரண்டே நாளில் மத்திய அரசு அதை வாபஸ் வாங்கியது. வழக்கமான முன்ஜாக்கிரதை போதும் என்று விளக்கம் கொடுத்தது.

புதிய சட்டம் என்ன சொல்கிறது?

டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான கடமைகள் அமலுக்கு வர அந்த விதிகளில் 18 மாத அவகாசம் தரப்பட்டது.

லைசென்சு, சான்றிதழ், பெர்மிட் கொடுப்பதற்காக அரசு அமைப்புகள் மக்களின் தகவலைக் கையாளும் முறையும் இதில் தனியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. உள்ளாட்சிகளும் இதில் அடக்கம். தேவையான விவரத்தை மட்டும் வாங்க வேண்டும். தேவைப்படும் காலம் வரைதான் வைத்திருக்க வேண்டும். பத்திரமாகப் பூட்டி வைக்க வேண்டும். சந்தேகம் கேட்க யாரை அணுகுவது என்பதையும் சொல்ல வேண்டும்.

தகவல் வெளியே கசிந்தால் பாதிக்கப்பட்டவருக்குத் தாமதம் இல்லாமல் தெரிவிக்க வேண்டும். பாதுகாப்பில் கோட்டை விட்டால் ரூ.250 கோடி வரை அபராதம் போடலாம்.

அதே நேரத்தில், "என் விவரத்தை அழிச்சிடுங்க" என்று தனியார் கம்பெனியிடம் கேட்பது போல அரசு அமைப்பிடம் உரிமையோடு கேட்க முடியாது. அதற்கு விலக்கு கொடுத்திருக்கிறார்கள்.

காகிதத்துக்குக் காவல் இல்லை

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. கம்ப்யூட்டரில் ஏறிய தகவலுக்குத்தான் இந்தச் சட்டம். ஆன்லைனில் அனுப்பிய விண்ணப்பம் சட்டத்துக்குள் வரும். ஸ்கேன் செய்த நகலும் வரும். ஆனால் காகிதமாகவே அலமாரியில் கிடக்கும் ஜெராக்ஸ் கட்டுக்கு இந்தச் சட்டத்தின் காவல் கிடையாது. பழைய பேப்பர் கடைக்குப் போய் வேர்க்கடலைப் பொட்டலமாகத் திரும்பி வந்தாலும் இந்தச் சட்டம் கேட்காது.

எது ரகசியம்? எது பகிரங்கம்?

எல்லாவற்றையும் மூடி மறைப்பதும் சரியல்ல. குடியிருப்புக்கு நடுவே வெல்டிங் பட்டறை வந்தால், "இதுக்கு லைசென்சு இருக்கா?" என்று கேட்க பக்கத்து வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு. அனுமதி பெற்றவர்களின் விவரத்தை அலுவலகங்கள் தாமாகவே வெளியிட வேண்டும் என்று 2005-ம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் சொல்கிறது.

ஆனால் 2025 நவம்பர் முதல் அந்தச் சட்டமும் திருத்தப்பட்டுவிட்டது. 'தனிநபர் தகவல்' என்ற ஒரே காரணத்தைக் காட்டி அதிகாரி கையை விரிக்கலாம். பொதுநலன் பெரிது என்று பட்டால் கொடுக்கலாம் என்ற 8(2) பிரிவு மட்டும் அப்படியே இருக்கிறது. கடைக்காரரின் ஆதார் நம்பரைக் காப்பது நியாயம். கடைக்கு லைசென்சு உண்டா, இல்லையா என்பதை மறைப்பது நியாயம் ஆகாது.

கடைக்காரர் செய்ய வேண்டியது

* ஆதார் நம்பரில் கடைசி 4 எண் மட்டும் தெரியும் நகல், ஆதார் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். அதை ஏற்பார்களா என்று முதலில் கேட்டுப் பார்க்கலாம்.

* ஜெராக்ஸின் குறுக்கே 'தொழில் லைசென்சுக்கு மட்டும்' என்று தேதி போட்டுக் கையெழுத்து இடவேண்டும். எழுத்து நகலின் மேலே ஓட வேண்டும். ஓரத்தில் எழுதினால் வெட்டிவிடுவார்கள்.

* புரோக்கரின் செல் நம்பரை விண்ணப்பத்தில் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் ஓ.டி.பி. எல்லாம் அவருக்குத்தான் போகும்.

* ஜெராக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தை, வேலை முடிந்ததும் கண் எதிரே அழிக்கச் சொல்ல வேண்டும். சரியாக விழாத காப்பியையும் அங்கேயே விட்டுவிடாமல் வாங்கிக் கிழித்துப் போட வேண்டும்.

கல்லாப்பெட்டியைப் பூட்டாமல் எந்த வியாபாரியும் வீட்டுக்குப் போவதில்லை. ஆதார் நகலுக்கும் அந்தப் பூட்டு தேவை.